ஈரப்புள்ளி வேண்டாம், 'தொடுதிட்டு' எப்படி?

வணக்கம். அச்சிட்ட படத்தின்மேல் தெளிவான அக்ரிலிக் தகட்டை வைத்து இறுக்கினால் அங்கங்கே தண்ணீர் பட்டதுபோல் கறுத்துத் தெரிகிறதே, அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்ற பேச்சில் 'ஈரப்புள்ளி' என்றார் ஒருவர், 'பொய்யோதம்' என்றார் கோவையிலிருந்து எழுதிய ஐயா ஒருவர். பொய்யோதம் அழகான சொல்தான், ஓதம் என்றால் ஈரக்கசிவு, எங்கள் பக்கம் இன்றும் சுவரில் ஓதம் ஏறியிருக்கிறது என்றுதான் பேசுகிறோம். ஆனால் ஈரம், ஓதம் எது காதில் விழுந்தாலும் கடைப் பையனின் கை ஹேர் டிரையரைத்தான் தேடும்.

நானே அதைச் செய்தவன். மதுரை டவுன் ஹால் ரோடு பக்கம் பிரேம் போடும் கடை எனக்கு. சித்திரைத் திருவிழா முடிந்த கையோடு, அழகர் ஆற்றில் இறங்கும் படம் ஒன்று வந்தது, கிளாஸி தாளில் அச்சு, மேலே 3 மி.மீ. அக்ரிலிக். பச்சைப் பட்டின்மேல் உள்ளங்கை அளவுக்கு ஒரு கருமை. டிரையரைக் காட்டினோம், சூட்டில் தகடு உள்பக்கமாக வளைந்து, உள்ளங்கை அளவு சாப்பாட்டுத் தட்டு அளவானது. வாங்க வந்தவர், "ஆத்துல இறங்குனா நனையத்தானே செய்வாரு" என்று சிரித்தார். எல்லாரும் சிரிக்க மாட்டார்கள்.

பிரித்துப் பார்த்தால் சொட்டு ஈரமில்லை. தகட்டுக்கும் தாளுக்கும் நடுவே காற்று இருக்கும் இடத்தில், தகட்டின் அடிமுகம் ஏறக்குறைய 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்புகிறது, பளபளப்பான தாளின் மேல்முகமும் கிட்டத்தட்ட அவ்வளவு. படத்தின்மேல் மெல்லிய வெண்திரை விழுந்த மாதிரி. தாள் தகட்டோடு அப்பிக்கொண்ட இடத்தில் அந்தத் திரை இல்லை, நிறம் ஆழமாகத் தெரிகிறது. வேடிக்கை என்னவென்றால், நாம் குறை என்று காட்டும் இடத்தில்தான் நிறம் சரியாக இருக்கிறது!

ஆகவே காரணம் தொடுவது, ஈரமல்ல. 'தொடுகறை' என்றும் யோசித்தேன், கறை என்றால் துடைக்கப் போவார்கள். 'தொடுதிட்டு' என்றால் வைத்தியமும் சொல்லுக்குள்ளேயே வந்துவிடுகிறது: ஒன்று எங்கேயும் தொடவிடாதே, ஓரத்தில் மவுண்ட் போர்டு என்னும் கெட்டி அட்டை கொடுத்து இடைவெளி விடு, அல்லது படத்துக்கு மேட் லேமினேஷன் போடு, அதன் சொரசொரப்பு அப்பவிடாது. இல்லையா, தெளிவான பசைத்தாளால் முழுப் படத்தையும் தகட்டோடு ஒட்டிவிடு, எல்லா இடமும் தொட்டால் திட்டு ஏது? இடைவெளி விடும்போது வெயிலையும் கணக்கில் வையுங்கள். ஒரு மீட்டர் அக்ரிலிக் 10 டிகிரி சூடேறினால் சுமார் 0.7 மி.மீ. நீளும், நாலு பக்கமும் இறுக்கிப் பிடித்தால் வளையாமல் என்ன செய்யும்.

வானவில் நிறத்தில் வரி வரியாகத் தெரிவதையும் சிலர் இதிலேயே சேர்க்கிறார்கள். அது வேறு. அங்கே தொடாமல், மயிரிழையை விட மெல்லிய காற்று இடைவெளி மிஞ்சியிருக்கிறது. பாடப்புத்தகத்து 'நியூட்டன் வளையங்கள்' அதற்குப் போதும்.

திட்டு என்றால் ஏச்சாச்சே என்று யாராவது கேட்பீர்கள். மணல்திட்டு இருக்கிறதே. தவிர, வாடிக்கையாளரிடம் அதுவும் கிடைக்கிறது. அப்புறம், தொடுகோடு, தொடுதிரை போல இதுவும் வினைத்தொகை, நடுவில் 'த்' போட்டுவிடாதீர்கள்.