கல்யாணச் சேலையில் கத்திரி வைத்த கதை

தங்கச்சிமடத்திலிருந்து

போன வருடம் மகளுக்குப் புதுநன்மை, கோயிலில் முதல்முறை நற்கருணை வாங்குகிற நாள். கடையில் கேட்டால் வெள்ளைக் கவுன் நாலாயிரத்துக்குக் குறைந்து இல்லை. ஒரு நாள் போட்டுவிட்டுப் பெட்டிக்குள் போகப்போகிற துணிக்கு நாலாயிரமா? பெட்டிக்குள் ஏற்கெனவே ஒன்று அப்படித்தானே கிடக்கிறது என்று என் கல்யாணச் சேலையை வெளியே எடுத்தேன். சந்தன வெள்ளைப் பட்டு. 14 வருடமாக மடித்தது மடித்தபடி.

ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பிடித்தபோதுதான் தெரிந்தது. மடிப்பு விழுந்த இடமெல்லாம் கோடு கோடாக வெளிச்சம் வருகிறது. லேசாக இழுத்துப் பார்த்தேன், ஒரு கோடு சர்ரென்று விட்டுவிட்டது. அங்கங்கே ஜரிகையும் கறுத்திருந்தது. இனி இதைக் கட்டவும் முடியாது என்று ஆனபிறகு எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். "தாலி கட்டுன சேலைடி, கத்திரி வைக்காத" என்றார். மடிப்பே வெட்டிவிட்டது அத்தை, நான் என்ன வெட்டுவது என்று காட்டினேன். பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "முந்தியை மட்டும் விட்ரு" என்றார். விட்டுவிட்டேன்.

கவுனின் பாவாடைப் பகுதியை ஆறு பீஸ் குடையாக வெட்டினேன். அழகுக்காக இல்லை. இரண்டு மடிப்புக்கோட்டுக்கு நடுவில் நல்ல துணி எவ்வளவு இருந்ததோ அந்த அகலத்துக்குள் ஒவ்வொரு பீஸும் அடங்கியது, அவ்வளவுதான். கோடு விழுந்த பட்டைகளைக் கழித்தும் பஃப் கைக்குத் துணி மிச்சம். ஜரிகை பிள்ளையின் கழுத்தில் குத்துமே என்று யோசித்துக்கொண்டிருந்தேன். மறுநாள் காலை மாமியார் மாமாவின் பழைய வேட்டி ஒன்றைத் துவைத்து மடித்துக் கொண்டுவந்து மிஷின் மேல் வைத்தார். லைனிங்குக்கு. பல வருடம் துவைத்த வேட்டி மாதிரி மெத்தென்ற துணி எந்தக் கடையிலும் கிடைக்காது.

எல்லாம் முடிந்து, பூசைக்கு முந்தின ராத்திரி 11 மணிக்குப் போட்டுப் பார்த்தால் பிள்ளையின் தலை நுழையவில்லை! கழுத்தை அளவெடுத்த நான் தலையை மறந்துவிட்டேன். பின்பக்கம் பிரித்து, பட்டி வைத்து, ஆறு கொக்கி தைத்து முடிக்க மணி ஒன்றரை.

வெட்டலாமா கூடாதா என்று கையில் வைத்துக்கொண்டு தடுமாறிய துணி உங்களிடமும் இருந்திருக்கும். எழுதுங்கள்.

ராமேஸ்வரத்திலிருந்து

நான் 22 வருடமாக மிஷின் மிதிக்கிறவன். நீங்கள் சொந்தச் சேலைக்குத் தடுமாறினீர்கள். நான் யார் என்றே தெரியாதவர்கள் சேலைக்குத் தடுமாறினேன்.

அக்னி தீர்த்தத்தில் முங்கி எழுந்தவர்களில் பலர் உடுத்தியிருந்ததை அங்கேயே விட்டுவிட்டுப் போவார்கள். பாவம் தொலையும் என்று நம்பிக்கை. ஆடி அமாவாசை, தை அமாவாசைக்கு மறுநாள் போய்ப் பார்த்தால் சேலையும் வேட்டியும் அலையில் சுருண்டு பாதி மணலில் புதைந்து கிடக்கும். அதைப் பொறுக்கி உலர்த்துகிற ஒரு அம்மா, ஒரு மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து, "அண்ணே, இதுல உள்பாவாடையும் பையும் தைச்சுக் குடு" என்றார். எங்கள் அம்மா மூட்டையை வாசப்படி ஏறவே விடவில்லை. ஊரான் பாவம் நமக்கெதற்கு என்கிறார். அந்த அம்மா சிரித்தார். "பாவம் தண்ணியிலயே போயிருச்சும்மா. துணிதான் மிச்சம்."

வாங்கிவிட்டேன். பாவம் ஒன்றும் செய்யவில்லை, உப்புதான் செய்தது. ஒருமுறை அலசி, காய்ந்ததும் தைக்க உட்கார்ந்தேன். பாதியில் கரண்ட் போனது. ஊசியைத் துணியிலேயே குத்தி விட்டுவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் ஊசியைச் சுற்றிப் பழுப்பாகத் துருக்கறை, பாபின் பெட்டிக்குள் நறநறவென்று மணல்.

கடல் தண்ணீர் ஏறிய துணி காய்ந்தது மாதிரி காட்டும், ஆனால் காயாது. உள்ளே இருக்கிற உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். இப்போது நல்ல தண்ணீரில் இரண்டு ராத்திரி ஊறவைத்து, தண்ணீர் மாற்றி அலசுகிறேன். சாயங்காலக் காற்றில் தொட்டுப் பார்ப்பேன். பிசுபிசுத்தால் மறுபடி வாளிக்குள். வெள்ளைத் துணியில் விழுந்த துருக்கறைக்கு எலுமிச்சம்பழமும் உப்பும் தேய்த்து வெயிலில் போட்டால் போதும், ஆனால் சாயத்துணியில் அதைச் செய்யாதீர்கள், சாயமும் சேர்ந்து போகும்.

அந்தப் பாவாடைகள் என்ன ஆயின என்று தெரியவில்லை. பைகளில் ஒன்றில்தான் எங்கள் அம்மா இப்போது மார்க்கெட்டுக்குப் போகிறார். எங்கிருந்து வந்தது என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பாம்பனிலிருந்து

பழைய துணி என்றாலே எல்லாரும் காட்டன், காட்டன் என்கிறார்கள். எங்கள் வீட்டில் காட்டனுக்கு வேலை இல்லை. அம்மா கடலில் முங்கிக் கடல்பாசி எடுக்கப் போகிறவர். மாதத்தில் 12 நாள் கடல். சேலைக்கு மேல் ஆம்பிளைச் சட்டை போட்டுக்கொண்டுதான் முங்குவார்கள். பாறையும் சொறிமீனும் கையைப் பதம் பார்த்துவிடும், அதனால் முழுக்கைச் சட்டைதான். ஒருமுறை தடிமனாக இருக்கிறதே என்று ஜீன்ஸ் சட்டை ஒன்றை அம்மா அளவுக்குப் பிடித்துக் கொடுத்தேன். தண்ணீர் குடித்துக் கல்லாகக் கனத்திருக்கிறது. "என்னைக் கடலுக்குள்ளேயே விட்டுட்டு வரப் பாத்தியா" என்று திட்டு.

டெரிகாட்டன் சட்டைதான் சரி. தண்ணீரைப் பிடித்து வைக்காது, கரைக்கு வந்து அரைமணி நேரத்தில் காய்ந்துவிடும். பழைய யூனிபார்ம் சட்டை கிடைத்தால் விடமாட்டேன். கீழ்ப்பகுதியை வெட்டி, அந்தத் துணியாலேயே கையின் நீளத்தைக் கூட்டி, மணிக்கட்டில் எலாஸ்டிக் வைப்பேன். மிச்சத்தை இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்தால் விரலில் சுற்றுகிற பட்டை. கத்திரியால் வெட்டாமல் கையால் கிழியுங்கள், நூல் நேராகப் போகும்.

பழசா புதுசா, யார் போட்டது என்றெல்லாம் அம்மா கேட்டதே இல்லை. பட்டன் மட்டும் இருக்கக் கூடாது, வலையிலும் செடியிலும் மாட்டும். பட்டனை எடுத்துவிட்டு நாடா வைக்கிறேன்.

கீழக்கரையிலிருந்து

எங்கள் காக்கா (அண்ணன்) வெளிநாட்டுச் சபுரிலிருந்து வரும்போதெல்லாம் போட்டுக் கழித்த வெள்ளை ஜுப்பாக்களைக் கொண்டுவருவார். பளபளவென்று இருந்ததால் நல்ல காட்டன் என்று நம்பித் தலையணை உறை தைத்தேன். இஸ்திரி போட்டதும் பெட்டி ஒட்டிக்கொண்டது. ஓர் இழை உருவிக் கொளுத்தியிருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். காட்டன் தாள் மாதிரி எரிந்து சாம்பலாகும். இது பாலியெஸ்டர், பிறகு கொளுத்திப் பார்த்தபோது உருகிச் சுருண்டு கறுப்பு மணியாக இறுகியது.

இப்போது அதை மதரஸா போகிற பையன்களுக்கு ஜுப்பாவாகவே சிறிதாக்குகிறேன். காலரைக் கழற்றிக் கழுத்துக்குத் தக்கபடி குறுக்கித் தைத்துவிட்டு, பட்டன் பட்டியைத் தொடாமல் தோளிலும் பக்கத்திலும் மட்டும் பிடித்தால் ஒரு மணி நேர வேலை. கஷ்டமான தையலை முன்னமே ஒருவர் தைத்து வைத்திருக்கும்போது அதை எதற்குப் பிரிக்க வேண்டும்?

தங்கச்சிமடத்து லாத்தா, பட்டு மிஷினில் சுருங்கவில்லையா? எனக்கு ஒவ்வொரு தடவையும் சுருங்குகிறது.

தங்கச்சிமடத்திலிருந்து

சுருங்கியது. அப்புறம் 11-ஆம் நம்பர் புது ஊசி போட்டு, அடியில் செய்தித்தாள் பட்டை வைத்துத் தைத்தேன். தைத்து முடித்ததும் தாளைக் கிழித்து எடுத்துவிடலாம். மை ஒட்டும், அதனால் அச்சில்லாத ஓரமாகப் பார்த்து எடுங்கள். குண்டூசி குத்தினால் ஓட்டை அப்படியே நிற்கும், தையலுக்குள் மறைகிற இடத்தில் மட்டும் குத்துங்கள்.

கேட்டவர்களுக்காக: அந்த முந்தி பத்திரமாக இருக்கிறது. இந்தத் தடவை மடிக்கவில்லை. பிளம்பர் மிச்சம் வைத்துவிட்டுப் போன பிவிசி குழாயில் வேட்டித் துணியைச் சுற்றி, அதன்மேல் முந்தியைச் சுற்றிப் பீரோவுக்கு மேலே வைத்திருக்கிறேன்.