ஏபிக் எரர் நிற்கவே மாட்டேன் என்கிறது, அவசரம்

இரட்டைமாடு: இரண்டு சிபியு மெஷின், லினக்ஸ். ஸ்கிரீன் முழுக்க ஏபிக் எரர் என்று ஓடிக்கொண்டே இருக்கிறது, ஒரு மணி நேரத்துக்குள் அப்படியே உறைந்துவிடுகிறது, மவுஸ்கூட நகராது. ரீஇன்ஸ்டாலும் பண்ணிப் பார்த்துவிட்டேன். நாளை காலேஜில் காட்ட வேண்டும்.

வயர்மேன்: என்ன போர்டு, என்ன சிபியு, எந்தக் கர்னல் (லினக்ஸின் உட்கரு)? எரர் வரியின் கடைசியில் இரண்டு எண் வருமே, அது என்ன? இதெல்லாம் இல்லாமல் ஜோசியம்தான் சொல்லணும்.

கடைக்காரன்: ராம்தான். கழற்றி, கால்களை அழிரப்பரால் துடைத்துப் போடுங்கள்.

உப்புக்காற்று: பூட் வரியில் (கர்னல் கிளம்பும்போது அதற்குக் கொடுக்கிற வரி) ஏசிபிஐ=ஆஃப் கொடுங்கள். என் லேப்டாப் அப்படித்தான் சரியானது.

மூத்தவன்: ஏபிக் வேறு, ஏசிபிஐ வேறு தம்பி. முன்னது இன்டரப்டை, அதாவது கீபோர்டு, டிஸ்க் எல்லாம் 'என்னைக் கவனி' என்று கூப்பிடுவதை, எந்த சிபியுவிடம் கொடுப்பது என்று பார்க்கிற சில்லு, பின்னது பவர் சமாச்சாரம். இதையெல்லாம் எத்தனை முறைதான் எழுதுவது.

உப்புக்காற்று: ஏபிக் விவரம் இருக்கிற டேபிளையே ஏசிபிஐதான் கொடுக்கிறது சார். தெரிந்துதான் சொன்னேன்.

இரட்டைமாடு: மன்னிக்கவும். ரிச்சி தெருவில் வாங்கிய பழைய 440பிஎக்ஸ் சிப்செட் போர்டு, 366 மெகாஹெர்ட்ஸ் செலரான் சிபியு இரண்டு, கர்னல் 2.4. வரி இதுதான்: ஏபிக் எரர் ஆன் சிபியு1: 02(02)

வயர்மேன்: அப்படிச் சொல்லுங்கள். 40 என்று வந்திருந்தால் தப்பான வெக்டர் (இன்டரப்டின் எண்), வேறு பக்கம் தேடியிருக்கலாம். 02 என்றால் வந்த செய்தியின் செக்சம் (வழியில் கெட்டதா என்று பார்க்கக் கூடவே வரும் எண்) ஒத்துப்போகவில்லை. பென்டியம் 4க்கு முந்தைய இந்த சிபியுக்களில் ஏபிக்குகள் பேசிக்கொள்ளத் தனியாக ஒரு சீரியல் பஸ் உண்டு, டேட்டாவுக்கு இரண்டு வயர், க்ளாக்குக்கு ஒன்று, அவ்வளவுதான், அதில் நாய்ஸ் ஏறினால் இப்படித்தான் வரும். பிடிபட்டால் மறுபடி அனுப்பிவிடும், ஆனால் அந்த செக்சம் ரொம்ப மெலிது, பிடிபடாமல் ஒன்று நழுவினால் மெஷின் உறைந்துவிடும். ஓவர்க்ளாக் பண்ணியிருக்கிறீர்களா, அதாவது குறித்த வேகத்துக்கு மேல் ஓட்டுகிறீர்களா?

சொல்லேர்: இன்டரப்டுக்குக் 'குறுக்கீடு' என்று நல்ல சொல் இருக்கிறதே, ஏன் யாரும் எழுதுவதில்லை?

கடைக்காரன்: நாய்ஸ் ஏறுவதையும் குறுக்கீடு என்றுதான் சொல்கிறார்கள். அப்போ இவருக்கு வந்திருப்பது குறுக்கீட்டில் குறுக்கீடா?

சொல்லேர்: அதற்கு 'இரைச்சல்' போடலாம்.

உப்புக்காற்று: இரைச்சல் என் வீட்டு மிக்ஸியில்.

மூத்தவன்: இழையைக் கெடுக்காதீர்கள். பூட் வரியில் நோஏபிக் என்று கொடுத்தால் வேலை முடிந்தது.

வயர்மேன்: முடியாது அண்ணே. டிவைஸ் இன்டரப்டுகள் பழைய 8259 இன்டரப்ட் சில்லு வழியாகப் போகும், சரி. ஆனால் இரண்டு சிபியுவும் தங்களுக்குள் பேசுவது அப்போதும் அதே வயரில்தான். எரர் குறையும், நிற்காது. சிபியுவுக்குள் இருக்கிற ஏபிக்கையே அணைக்கிற நோலேபிக் கொடுத்தால் நிற்கும், கூடவே இரண்டாவது சிபியுவும் போய்விடும்.

மூத்தவன்: நான் வேலை முடிந்தது என்றுதான் சொன்னேன், எரர் நிற்கும் என்று சொல்லவில்லை.

இரட்டைமாடு (மூன்று நாள் கழித்து): சிபியுவின் பஸ் வேகத்தை 66லிருந்து 100க்கு ஏற்றி 550ல் ஓட்டிக்கொண்டிருந்தேன், அதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை. 66க்கு இறக்கியதும் ஒரு நாளைக்கு நாலைந்து எரர்தான். அப்புறம் பார்த்தால் சிபியு பக்கத்தில் இரண்டு கெபாசிட்டர் தலை உப்பியிருந்தது, மாற்றிவிட்டேன். நேற்று ராத்திரியிலிருந்து இன்டரப்ட்ஸ் ஃபைலில் ஏபிக் எரரை எண்ணுகிற ஈஆர்ஆர் வரி 0. காலேஜில் ஒற்றை சிபியுவோடு காட்டிச் சமாளித்தேன். நன்றி.

கடைக்காரன்: ராமைத் துடைத்தீர்களா இல்லையா?