காய்ந்த தோடம்பழச் சக்கை: வளரும் கன்றுக்கும் கிடாய்க் குட்டிக்கும்

ஜூஸ் கடைகளில் சக்கை எடுத்துக் கன்று வளர்க்கிறவர்கள் கவனிக்க: சக்தியில் காய்ந்த சக்கை சோளத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. இதிலுள்ள வழுவழுப்பான பெக்டின் லக்டிக் அமிலமாக அதிகம் மாறாததால் வயிறு புளிப்பதும் குறைவு. ஆனால் புரதம் 6–7% மட்டுமே; வளரும் கன்றின் கலவைக்கு 16% அளவு தேவை. சோளத்தை எடுத்துவிட்டு இதைப் போட்டு மற்றதை அப்படியே விட்டால், வயிறு பெருக்குமே தவிர சதை பிடிக்காது. 10 கிலோ கலவைக்கு: சக்கை 3, தேங்காய்ப் புண்ணாக்கு 4, அரிசித் தவிடு 2, சோயாப் புண்ணாக்கு 1.

*

மேலே சொன்ன கலவை சரி. கொழும்பில் பிழை வருவது சக்கையைக் காய வைப்பதில்தான். பச்சைச் சக்கையில் ஐந்தில் நாலு பங்கு தண்ணீர். பெக்டின் பிடித்து வைத்திருப்பதால் பிழிந்தாலும் வராது. 100 கிலோவுக்கு 300–500 கிராம் நீறின சுண்ணாம்பு தூவிப் பிசறி, கால் மணித்தியாலம் விடுங்கோ. வழுவழுப்புப் போய்விடும், பிறகு சாக்கில் கட்டிப் பாரம் வைத்தால் தண்ணீர் ஓடும். மெல்லிசாகப் பரப்பிக் காய வையுங்கோ. துண்டை மடித்தால் வளையக்கூடாது, படக்கென்று முறிய வேண்டும். தை, மாசி வெயில் போதும். தென்மேற்குப் பருவமழைக்குள் இறங்கவே வேண்டாம். காய்ந்த சக்கை காற்றின் ஈரத்தையும் உறிஞ்சும், பொலித்தீன் உட்பை கட்டாயம். ஒரு மூலையில் நீலப்பச்சைப் பூஞ்சை தெரிந்தாலும் முழுச் சாக்கையும் எறியுங்கோ. நல்லதைப் பிரித்தெடுக்க நினைக்காதேங்கோ, பூஞ்சை விடும் சிட்ரினின் நஞ்சு கண்ணுக்குத் தெரியாது.

இறக்குமதிப் பழத்தோலில் பூஞ்சைகொல்லி பூசியிருக்கும். பிழிய முன்னமே கழுவச் சொல்லுங்கோ.

*

கிடாய்க் குட்டி வளர்க்கிறவங்களுக்கு: சுண்ணாம்பு போட்ட சக்கையில் கல்சியம் மிக அதிகம், பொஸ்பரஸ் சொற்பம். தவிடு அதற்கு நேர்மாறு. தவிட்டையே நம்பினால் கிடாய்க்கு மூத்திரக் கல் அடைக்கும். இரண்டும் சேர்ந்தால் சமப்படும். அதனால் மேலே சொன்ன 10 கிலோக் கலவையில் தவிட்டைக் குறைக்காதீங்க, சுண்ணாம்புத் தூளும் தனியாகச் சேர்க்காதீங்க.

15 கிலோக் குட்டிக்கு நாளுக்கு 100 கிராம் காய்ந்த சக்கை போதும். 20 கிராமில் தொடங்கி இரண்டு கிழமையில் ஏற்றுங்க. கசப்புக்கு முதலில் முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பும்; புண்ணாக்குத் தூளில் புரட்டிப் போட்டால் தின்னும். பெரிய துண்டு தொண்டையில் ஊறி அடைக்கும், உடைத்துப் போடுங்க. புல்லும் கிளிரிசீடியா இலையும் வழமைபோல இருக்கட்டும்.

*

மிஞ்சினதைக் கோழிக்கும் பன்றிக்கும் கொட்டாதீங்க. விதையிலுள்ள லிமோனின் என்ற கசப்புப் பொருள் அவற்றுக்கு ஆகாது.