புதுப்பிப்பு: அம்மாவின் இடுப்புவலியும் எம்.ஆர்.ஐ. அறிக்கையும்

அம்மாவுக்கு (வயது 58) இடுப்புவலி, எம்.ஆர்.ஐ.யில் எல்4-எல்5 டிஸ்க் பிதுக்கம் (கீழ்முதுகில் இரண்டு எலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் தட்டு வெளியே பிதுங்குவது) என்று வந்திருக்கிறது, ஆபரேஷன் தேவையா என்று மூன்று மாதம் முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

இரண்டாவதாகப் பார்த்த எலும்பு டாக்டர் ஃபிலிமை உடனே கையில் எடுக்கவில்லை. அம்மாவை முதலில் குதிகாலாலும், அப்புறம் நுனிக்காலாலும் நடக்கச் சொன்னார். படுக்கவைத்து, முட்டி மடங்காமல் ஒவ்வொரு காலாகத் தூக்கிப் பார்த்தார். கால் மரத்துப்போகிறதா, சிறுநீர் போவதில் சிரமமா, காய்ச்சல் உண்டா என்று கேட்டார். அப்படி ஏதாவது இருந்தால் படம் அவசரமாகத் தேவைப்படுமாம். அம்மாவுக்கு எதுவும் இல்லை. பிறகுதான் ஃபிலிமைப் பார்த்தார். “இந்த வயசுல வலியே இல்லாதவங்களை ஸ்கேன் எடுத்தாலும் பாதிப் பேருக்கு மேல இது இருக்கும்மா” என்றார்.

வெறும் ஆறுதல் இல்லை அது. முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் படங்களைத் தொகுத்து 2015-ல் ஓர் ஆய்வு வந்தது. 20 வயதுக்காரர்களிலேயே 30 சதவீதம், 80 வயதில் 84 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுக்கம்!

அறிக்கையில் ‘தேய்மானம்’ என்று படித்த நாளிலிருந்து அம்மா குனியவே பயந்தார். வலியைவிட அந்தப் பயம்தான் அவரை முடக்கியது என்று இப்போது தோன்றுகிறது. தினமும் அரை மணி நேரம் நடக்கிறார், பிசியோதெரபிஸ்ட் சொன்ன பயிற்சிகளைச் செய்கிறார். வலி முழுசாகப் போகவில்லை. ஆனால் நேற்று காலை வாசலில் குனிந்து கோலம் போட்டார்.