ரஜுலாவின் உடன்பிறந்த கப்பல் ரோனா: துருப்புக் கப்பலான பிறகு அதற்கு நேர்ந்தது என்ன?

கேள்வி – நாகைத்துறை

மலாயாவுக்குப் போய்வந்த எங்கள் வீட்டுப் பெரியவர்கள் ரஜுலா கப்பலைப் பற்றிப் பேசாத நாளே இருந்ததில்லை. நாகப்பட்டினத்தில் கப்பல் ஆழ்கடலில் நங்கூரமிட்டு நிற்க, கரையிலிருந்து படகில் போய் ஏறிய கதையும், டெக்கில் பாய் விரித்து இடம் பிடித்த கதையும் எனக்கு மனப்பாடம். ஆனால் என் பாட்டனார் மட்டும், "ரஜுலாவுக்கு ஜோடியாக ரோனா என்று ஒன்று ஓடியது, சண்டைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள், திரும்பவில்லை" என்று ஒரு வரி சொல்லி நிறுத்திவிடுவார். பயணிகள் கப்பலாக இருந்த ரோனா எவ்வாறு துருப்புக் கப்பலானது, எங்கே மூழ்கியது, அந்த நிகழ்வு ஏன் இத்தனை காலம் பேசப்படாமல் இருந்தது என்பதை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் – கடற்பதிவேடு

உங்கள் பாட்டனார் சொன்னது சரியே. பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி, சென்னை–நாகப்பட்டினம்–சிங்கப்பூர் வழித்தடத்துக்கென்று 1926-இல் ஒரே அமைப்பில் கட்டுவித்த இரண்டு கப்பல்கள் ரஜுலாவும் ரோனாவும். ரஜுலா கிளாஸ்கோவில் உருவானது. ரோனா இங்கிலாந்தின் டைன் ஆற்றங்கரையில், ஹாத்தார்ன் லெஸ்லி தளத்தில் உருவானது. ரோனாவின் மொத்தக் கொள்ளளவு ஏறத்தாழ 8,600 டன். அறை எடுத்துச் செல்லும் வசதியான பயணிகள் சிலர்தாம். தோட்டத் தொழிலாளர்களையும் சிறு வணிகர்களையும் டெக் பயணிகளாக ஆயிரக்கணக்கில் ஏற்றிச் செல்வதே இவற்றின் பிழைப்பு.

1940-இல் பிரிட்டிஷ் அரசு ரோனாவைத் துருப்புக் கப்பலாக எடுத்துக்கொண்டதற்கும் இதுவே காரணம் என்பது என் கருத்து. அறைகளாகத் தடுக்கப்படாத அகன்ற தளங்கள், பெருங்கூட்டத்துக்குச் சமைக்கும் ஏற்பாடு, வெப்பக் கடல்களில் ஓடிப் பழகிய ஊழியர்கள் ஆகிய மூன்றும் ஏற்கெனவே இருந்ததால், கூலியாட்கள் படுத்த இடத்தில் சிப்பாய்களைப் படுக்கவைக்கப் பெரிய மாற்றம் எதுவும் தேவைப்பட்டிருக்காது.

1943 நவம்பர் 25 அன்று அமெரிக்கர்களின் நன்றியறிதல் நாள். அன்று அல்ஜீரியாவின் ஒரான் துறைமுகத்திலிருந்து ஏறத்தாழ 2,000 அமெரிக்கத் துருப்பினருடன் புறப்பட்ட ரோனா, பிரிட்டனிலிருந்து வந்த கே.எம்.எஃப். 26 என்ற கப்பற்கூட்டத்தோடு சேர்ந்துகொண்டது. சூயஸ் வழியாக இந்தியாவுக்கு வந்து, சீனா–பர்மா–இந்தியா போர்முனைக்கு ஆள் சேர்ப்பதே பயணத்தின் நோக்கம். மறுநாள் மாலை, பூஜி (இன்றைய பெஜாயா) கரைக்கு அப்பால் ஜெர்மன் விமானங்கள் கூட்டத்தைத் தாக்கின. ஹெயின்கெல் 177 விமானம் ஒன்று ஏவிய ஹென்ஷெல் 293 என்ற சறுக்குக் குண்டு ரோனாவின் இடப்பக்கத்தைத் துளைத்து உள்ளே வெடித்தது. சிறகும் ராக்கெட் உந்தியும் பொருத்தப்பட்ட அந்தக் குண்டை, விமானத்தில் அமர்ந்திருப்பவர் ஒரு சிறு கைப்பிடியை அசைத்து வானொலி அலையால் இலக்கை நோக்கித் திருப்பலாம். கண்ணுக்குத் தெரிவதற்காக அதன் வாலில் ஓர் ஒளிப்பந்தம் எரியும். இயந்திர அறை அழிந்து மின்சாரமும் நீர்ப்பம்புகளும் நின்றுபோயின. ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் கப்பல் மூழ்கியது. இறந்தோரில் அமெரிக்கத் துருப்பினர் மட்டும் 1,015 பேர்.

பதில் – பழைய நீராவி

மேலே உள்ளவருக்கு நன்றி. ஒன்றைச் சேர்க்க வேண்டும். குண்டு விழுந்த நொடியில் இறந்தவர்களைவிட, அதன் பிறகு கடலில் இறந்தவர்களே மிகுதி. ரோனாவில் 22 உயிர்காப்புப் படகுகள் இருந்தும், நீரில் இறக்க முடிந்தவை எட்டு மட்டுமே; அவற்றிலும் பெரும்பாலானவை நீர் புகுந்தோ, அளவுக்கு மீறி ஆட்கள் ஏறியோ கவிழ்ந்தன. படகைத் தாங்கும் கொக்கிகளும் கப்பிகளும் துருவேறி, மேலே பூசிய வண்ணத்தோடு சேர்ந்து இறுகிக் கிடந்தன என்று உயிர்பிழைத்தவர்கள் பின்னாளில் கூறியுள்ளனர்.

இடுப்புவாரும் ஒரு காரணம். காற்றடைத்தால் உப்பும் மிதவை வார்களைத் துருப்பினர் இடுப்பில் கட்டியிருந்தார்கள். அதை அக்குள் வரை மேலேற்றிக் கட்டினால்தான் தலை நீருக்கு மேல் நிற்கும். இடுப்பிலேயே விட்டால் உடல் தலைகீழாகக் கவிழ்ந்துவிடும். அதைச் சரியாகச் சொல்லிக்கொடுக்கவோ பழக்கவோ இல்லை. அன்று அலை மிக உயரம், இருட்டும் சூழ்ந்துவிட்டது. அமெரிக்கக் கண்ணிவாரிக் கப்பலான பயனியர் வலைகளையும் கயிறுகளையும் தொங்கவிட்டு, தனியாகவே 606 பேரை மேலே இழுத்தது. ஆதர்ஸ்டன் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலும் கிளான் கேம்பெல் என்ற சரக்குக் கப்பலும் மேலும் பலரைக் காப்பாற்றின.

பதில் – தென்கரை

அந்த அமெரிக்க நினைவுகள் பலவற்றில், இந்திய ஊழியர்கள் படகுகளைத் தங்களுக்கென்று பிடித்துக்கொண்டார்கள் என்ற குற்றச்சாட்டும் இருக்கிறது. அது உண்மைதானா?

பதில் – பழைய நீராவி

அவ்வாறு சிலர் எழுதியிருப்பது உண்மை. ஆனால் ஊழியர்கள் ஏறத்தாழ 195 பேர். அவர்களில் 120 பேர் அளவுக்கு இறந்துபோனார்கள். படகுகளைப் பிடித்துக்கொண்டு தப்பியோடிய ஒரு கூட்டத்தில் பாதிக்கும் மேற்பட்டோர் எவ்வாறு மாண்டிருக்க முடியும்? இருட்டில், மொழி புரியாத இரண்டு கூட்டங்கள் ஒரே கயிற்றைப் பிடித்து இழுத்தபோது எழுந்த கோபத்தை ஆதாரமாக எடுத்துக்கொள்ள நான் தயங்குவேன். இயந்திர அறையில் பணி முறையில் இருந்த கலாசிகளுக்குப் படகு வரை வருவதற்கே வாய்ப்பு இருந்திருக்காது என்பதையும் மறக்கக் கூடாது.

பதில் – கடற்பதிவேடு

மறைக்கப்பட்டது ஏன் என்ற கேள்விக்கு நான் பதில் சொல்லாமல் விட்டுவிட்டேன். வானொலியால் இயக்கப்படும் புதிய ஆயுதம் எவ்வளவு வெற்றி பெற்றது என்பதை ஜெர்மானியர் அறியக் கூடாது என்பதே காரணமாகச் சொல்லப்படுகிறது. உயிர்பிழைத்தவர்கள் வாய் திறக்கக் கூடாது என்று கட்டளையிடப்பட்டது. 1944 பிப்ரவரியில், ஐரோப்பியக் கடற்பகுதியில் ஒரு துருப்புக் கப்பல் மூழ்கி ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர் என்று கப்பலின் பெயரைச் சொல்லாமல் அமெரிக்க அரசு அறிவித்தது.

இந்த விளக்கம் எனக்கு முழுமையாகப் படவில்லை. இதே வகைக் குண்டு 1943 ஆகஸ்ட் 27 அன்றே பிஸ்கே விரிகுடாவில் ஈக்ரெட் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலை மூழ்கடித்திருந்தது. ஆகவே ஆயுதம் இருப்பது இரு தரப்புக்கும் தெரிந்த செய்திதான். போர்க்காலத்தில் ஒளித்ததை விளங்கிக்கொள்ளலாம். போர் முடிந்து பல்லாண்டுகள் கழிந்தும் குடும்பங்களுக்கு முழு விவரம் போய்ச் சேராததற்கு அலட்சியத்தைத் தவிர வேறு பெயர் எனக்குத் தோன்றவில்லை. அமெரிக்கக் காங்கிரஸ் இறந்தவர்களை நினைவுகூர்ந்து தீர்மானம் நிறைவேற்றியது 2000-ஆம் ஆண்டில்தான்.

கேள்வி கேட்டவர் – நாகைத்துறை

அனைவருக்கும் நன்றி. அமெரிக்கர்களுக்கு அலபாமாவில் நினைவுச்சின்னம் எழுப்பியிருப்பதாகப் படித்தேன். இறந்த இந்திய ஊழியர்களின் பெயர்கள் எங்கேனும் பதிவாகியுள்ளனவா?

பதில் – தென்கரை

உள்ளன. பிரிவினைக்கு முந்தைய இந்தியாவின் கடற்படையினர், வணிகக் கப்பல் ஊழியர்கள் ஆகியோரில் கடலையே கல்லறையாகக் கொண்டவர்களுக்காக, காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் பெயர்ப் புத்தகம் ஒன்றை ஒரே மாதிரியாக இரண்டு பிரதிகள் தயாரித்து வைத்துள்ளது. ஒன்று மும்பையில் கப்பல் ஊழியர்களுக்கான இல்லத்தில் இருக்கிறது. மற்றொன்று வங்கதேசத்தில், சிட்டகாங் போர்க் கல்லறையில் இருக்கிறது. அதில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் உண்டு. ஆணையத்தின் இணையப் பதிவில் தேடும்போது ஒரு தொல்லை வரும்: நம் நாட்டுப் பெயர்களை அக்கால எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதியிருப்பதால், ஆள் பெயரை வைத்துத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. கப்பல் பெயரையும் 1943 நவம்பர் 26 என்ற தேதியையும் கொடுத்துத் தேடிப் பாருங்கள்.

ரஜுலாவும் போர்க்காலத்தில் துருப்பு ஏற்றிய கப்பல்தான். அது தப்பிப் பிழைத்துப் பழைய வழித்தடத்துக்கே திரும்பி 1973 வரை ஓடியது. பிறகு ஷிப்பிங் கார்ப்பரேஷன் வாங்கி ரங்கத் என்று பெயர் மாற்றிச் சிறிது காலம் வைத்திருந்து, 1974-இல் உடைக்கக் கொடுத்துவிட்டது.