புதுப்பிப்பு: ஏ.பி. மதிப்பெண்ணும் எழுத்து வகுப்பும்

ஏ.பி. (Advanced Placement) என்பது பள்ளியில் படிக்கும்போதே எழுதும் கல்லூரி நிலைத் தேர்வு; நல்ல மதிப்பெண் இருந்தால் பல கல்லூரிகள் அதற்கு ஈடான வகுப்பைத் தவிர்க்க விடும். அதில் ஆங்கில மொழித் தேர்வில் 5-க்கு 4 வாங்கிய என் மகள், அமெரிக்கக் கல்லூரியின் முதலாண்டு எழுத்து வகுப்பைத் தவிர்க்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். கட்டணம் மிச்சம், தவிர்த்துவிடுங்கள் என்றே பலரும் சொன்னீர்கள். அவள் வகுப்பில் சேர்ந்துவிட்டாள்.

இப்போது உறுதியாகச் சொல்கிறேன்: அந்த மதிப்பெண் இந்த வகுப்புக்கு ஈடாகாது. தேர்வில் 2 மணி 15 நிமிடத்தில் மூன்று கட்டுரைகள். அவற்றில் ஒன்றான தொகுப்புக் கட்டுரைக்கான (பல ஆதாரங்களை இணைத்து வாதிடுவது) ஆதாரங்களையும் வினாத்தாளிலேயே கொடுத்துவிடுகிறார்கள். திருத்தி எழுத நேரம் ஏது? இங்கே ஒரே கட்டுரையோடு மூன்று வாரமாகப் போராடுகிறாள், ஆதாரங்களை நூலகத்தில் தானே தேடி. "உன் வாதம் நான்காம் பத்தியில்தான் தொடங்குகிறது" என்று பேராசிரியர் ஓரத்தில் எழுதியிருந்தார். முதல் மூன்று பத்திகளையும் அன்றிரவே அவள் நீக்கிவிட்டாள். இரண்டாம் வரைவை வெள்ளிக்கிழமை கொடுக்கிறாள்.