மறு: ‘ஆல்ட் டெக்ஸ்ட்’ – மாற்றுரையா, பகருரையா?

அனைவருக்கும் வணக்கம்.

வலைத்தளத்துக்குப் படம் ஏற்றும் மென்பொருள் ஒன்றின் தமிழாக்கத்தை வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும். ‘ஆல்ட் டெக்ஸ்ட்’ மட்டும் பாக்கி. படத்தைப் பார்க்க முடியாதவருக்குத் திரைவாசிப்பான் படித்துக் காட்டும் அந்தச் சிறு வாசகம். ‘மாற்று உரை’ என்று இட்டிருக்கிறேன். ஆட்சேபம் உண்டா?

* * *

> ‘மாற்று உரை’ என்று இட்டிருக்கிறேன்

ஆட்சேபம் உண்டு. கண்ணால் பார்த்தால் குறை தெரியாது, காதால் கேளுங்கள். என்விடிஏ என்ற திரைவாசிப்பான் ஓடும்போது டேப் விசையைத் தட்டிக்கொண்டே போனால் அந்தப் பக்கம் இந்த வரிசையில் ஒலிக்கும்: ‘படத்தை மாற்று’, ‘படத்தை நீக்கு’, ‘மாற்று உரை’. முதல் இரண்டும் பொத்தான்கள், ஏவல்கள். அதே மூச்சில் வரும் மூன்றாவதும் ஏவலாகத்தான் காதில் விழும். எந்த உரையை மாற்றச் சொல்கிறது என்று கேட்பவர் தேடுவார்.

* * *

அம்மா சொல்வது சரி. ‘மாற்று’ வினையும் ஆகும், பெயரும் ஆகும். பின்னால் வல்லினம் வந்தால் ஒற்று காட்டிக்கொடுக்கும்: ‘மாற்றுச் சொல்’ என்றால் பெயர். ‘உரை’ உயிரில் தொடங்குவதால் அந்த உதவி இல்லை. குற்றியலுகரம் கெட்டு ‘மாற்றுரை’ என்று ஒரே சொல்லாக எழுதலாம். ஆனால் அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே உரிமையாளர் உண்டு. பொன்னை உரைகல்லில் தேய்த்துத் தரம் காண்பது மாற்றுரைத்தல். பத்தரை மாற்றுத் தங்கம் என்பதில் உள்ள மாற்று அதுதான். சுந்தரர் முதுகுன்றத்து மணிமுத்தாற்றில் இட்ட பொன்னைத் திருவாரூர்க் கமலாலயத்தில் எடுத்தபோது அதன் தரம் பார்த்தவர் மாற்றுரைத்த விநாயகர். இன்றும் அந்தப் பெயரோடுதான் குளக்கரையில் இருக்கிறார்.

என் பரிந்துரை: பகருரை. பகர்தல் என்றால் சொல்லுதல், விற்றல் என்றும் பொருள். சிலப்பதிகாரத்தில் பூவும் புகையும் வீதியில் விற்றுத் திரிபவர் ‘பகர்வனர்’. ஒன்றைக் கொடுத்து அதற்கு ஈடாக ஒன்றைப் பெறுவதுதானே விற்பனை? இஸ்லாமியத் தமிழ் எழுத்தில் ‘அதற்கு ஈடாக’ என்ற பொருளில் ‘அதற்குப் பகரமாக’ இன்றும் வாழ்கிறது. படத்துக்குப் பகரமாகப் பகரும் உரை. வினைத்தொகை, முக்காலத்துக்கும் பொருந்தும்.

* * *

ஐயா, அழகான சொல். ஆனால் மாவட்ட அலுவலகத்தில் படம் ஏற்றுகிறவர் ‘பகருரை’ என்ற பெட்டியைப் பார்த்தால் தாண்டிப் போய்விடுவார். ‘படவிளக்கம்’ என்றால் எல்லாருக்கும் புரியும். இல்லையென்றால் ‘பதிலுரை’?

* * *

> ‘பதிலுரை’

பதில் அரபு வழி வந்தது. தவிர, பட்ஜெட் விவாதத்தின் முடிவில் அமைச்சர் நிகழ்த்துவது பதிலுரை. வேண்டாம்.

* * *

> ‘படவிளக்கம்’ என்றால் எல்லாருக்கும் புரியும்

புரியும், ஆனால் தவறாகப் புரியும். விளக்கம் என்று கேட்டால் விளக்கம்தான் எழுதுவார்கள். தேடல் பொத்தானில் உள்ள படத்துக்கு ‘பூதக்கண்ணாடி’ என்று எழுதிவிடுவார்கள். அங்கே வேண்டியது ‘தேடு’. முகப்புக்கு இட்டுச்செல்லும் இலச்சினைக்கு ‘வட்டத்துக்குள் குத்துவிளக்கு’ எதற்கு? நிறுவனப் பெயரும் ‘முகப்பு’ என்பதும் போதும். பேருந்து நேர அட்டவணையைப் படமாகப் போட்டிருந்தால் எந்தத் தடத்தின் அட்டவணை என்பதை இங்கே சொல்லிவிட்டு, நேரங்களைப் பக்கத்திலேயே எழுத்தாலான அட்டவணையாகத் தர வேண்டும். ‘படம்’ என்று தொடங்கவும் கூடாது. திரைவாசிப்பான் அதைத் தானே சொல்லிவிடும், கேட்பவருக்கு இரண்டு முறை ஒலிக்கும்.

ஓரத்தில் அழகுக்கு வைத்த கோலத்துக்கு ஒன்றும் எழுதக் கூடாது. ஆனால் இந்த வாசகத்தைத் தாங்கும் ஆல்ட் பண்புக்கூறு பக்கத்தின் நிரலில் இருக்க வேண்டும், வெறுமையாக. அதையே விட்டுவிட்டால் பல திரைவாசிப்பான்கள் கோப்பின் பெயரைப் படிக்கத் தொடங்கும். இணைப்புக்குள் இருக்கும் படமென்றால் ‘ஐஎம்ஜி அடிக்கோடு இரண்டு பூஜ்யம் நான்கு’ என்று நீளும். எங்கே போகும் இணைப்பு என்றே தெரியாமல் ஒருவர் அதைக் கேட்டுக்கொண்டிருப்பார்.

வலை உள்ளடக்க அணுகல் வழிகாட்டியின் 1.1.1 விதி, கடைநிலையான ‘ஏ’ நிலைக்கே உரியது, கேட்பது இதைத்தான்: படம் செய்யும் அதே வேலையைச் செய்யும் எழுத்து. ஆகவே சொல்லில் ‘ஈடு’ என்ற கருத்து கட்டாயம் இருக்க வேண்டும். விளக்கம் என்பது எல்லார் கண்ணுக்கும் தெரியும்படி படத்தின் கீழே வருவது. இரண்டுக்கும் ஒரே சொல் வைத்தால் ஒரே வாசகத்தை இரண்டு பெட்டியிலும் ஒட்டுவார்கள், அதையும் இரண்டு முறை கேட்க வேண்டியிருக்கும்.

* * *

> ‘ஈடு’ என்ற கருத்து கட்டாயம்

அப்படியானால் ‘ஈட்டுரை’?

* * *

ஈடு என்றாலே திருவாய்மொழிக்கு வந்த முப்பத்தாறாயிரப்படி என்ற உரைநூல். உரையோடு சேர்த்தால் வைணவர் அனைவரும் வியாக்கியானம் என்றே கொள்வர். நகை அடகு வைப்பவரும் ஈடுதான் வைக்கிறார். பகரத்தில் இந்தக் குழப்பம் இல்லை. ‘மென்பொருள்’ என்ற சொல்லை முதல் நாள் கேட்டவருக்கு மட்டும் என்ன புரிந்தது, தம்பி?

* * *

ஐயா, ‘மென்பொருள்’ பழகப் பல ஆண்டுகள் இருந்தன. எனக்கு நாளை மறுநாள் வரைதான்.

இதுவரை நால்வர் மாற்றுரைக்கு, ஒருவர் பகருரைக்கு. ‘மாற்றுரை’ என்று சேர்த்தே எழுதி அனுப்புகிறேன். முதல் பொத்தானை ‘வேறு படம் இடு’ என்று ஆக்கிவிட்டேன், ஏவல் குழப்பம் தீரும். பெட்டியின் கீழே உதவி வரி: ‘இந்தப் படம் இல்லாவிட்டால் இந்த இடத்தில் என்ன சொல்வீர்களோ அதை எழுதுக. அழகுக்காக மட்டும் என்றால் வெறுமையாக விடுக.’

* * *

உதவி வரி நன்று. அந்த வரியைப் பெட்டியோடு நிரலில் பிணைத்திருக்கிறார்களா என்று பாருங்கள், இல்லையென்றால் டேப் விசையில் வருபவருக்கு அது ஒலிக்காது. இன்னொன்று: பெட்டியை வெறுமையாக விட்டால் மென்பொருள் வெற்று ஆல்ட் எழுதுகிறதா, பண்புக்கூறையே விட்டுவிடுகிறதா? ஒரு படத்தை ஏற்றி, பக்கத்தின் மூல நிரலைத் திறந்து பார்த்தபின் அனுப்புங்கள். இரண்டாவது என்றால் உங்கள் உதவி வரியே பிழை.

* * *

மாற்றுரைக்கு நான் இசையவில்லை என்பதைச் சொற்பட்டியலில் குறிக்கவும். பகருரையை அடைப்புக்குறிக்குள்ளாவது வைக்கவும்.